ஏழாவது முறை

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் தொடங்கி இரண்டு மணி நேரம் பதினொரு நிமிடம். டோர்ஸி எகிறிப் பந்தைப் பிடித்தான். கால் தரையில் படுவதற்குள் எதிரணிக் கெம்ப் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தான். இரும்புக் குண்டுபோல் அவன் தலைக்கவசம் டோர்ஸியின் தாடையில் இறங்கியது. கழுத்து போகக் கூடாத பக்கம் போனது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறித்த சத்தம். எல்லைக்கோட்டருகே இருந்த மைக் அதையும் பிடித்துவிட்டது.

"அம்மாடியோ! பல்லெல்லாம் பொறுக்கிக் குடுங்கப்பா!" என்றார் வர்ணனையாளர் கஸ். ஒன்பது வருடம் ஆடியவர். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

வர்ணனை அறையில் அவருக்குப் பின்னால் நடீன் அட்டைகளோடு நின்றாள். ஓட்டம், கஜம், வயது என்று எழுதி நீட்டுவது அவள் வேலை. மைக் எப்போதும் திறந்திருப்பதால் அந்த அறையில் அவள் வாய் திறக்கக் கூடாது. மூன்று வருடத்தில் ஒரு தும்மல்கூடத் தும்மியதில்லை.

டோர்ஸியைத் தூக்கிப் போனார்கள். கால் மணி நேரம் கழித்து ஒரு பீர் விளம்பரம் ஓடியது. வெளியே வேனில் இருந்த புரொடியூசர் லைல், நடீனின் காதுக்கருவியில் இரண்டே சொல்லில் ஒரு செய்தி சொன்னார். பிறகு தொடர்ந்தார்.

"அவன் சம்சாரம் ஆம்புலன்ஸ்ல கூடவே இருந்தா, அவளுக்குத் தெரியும். ஊருக்கு ஆட்டம் முடிஞ்சு சொல்லிக்கலாம். கஸ்ஸுக்கும் மூச்சு விடாத. அவன் குரல் உடைஞ்சா ஜனம் வேற சேனலுக்குப் போயிடும்."

விளம்பரம் முடிந்ததும் அந்த மோதல் மறுபடி வந்தது, ஸ்லோ மோஷனில்.

"எங்க காலத்துல இதை முத்தம்னு சொல்லுவோம்," என்றார் கஸ்.

மைதானத்தில் கெம்ப் இன்னொருவனை அடித்துச் சாய்த்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட அவன் தவழ்ந்து போனான். திரையில் மீண்டும் டோர்ஸி. இன்னொரு கேமராவிலிருந்து. இன்னும் மெதுவாக. உதட்டோரம் தெறித்த ரத்தத்துளிகளை எண்ணலாம் போலிருந்தது.

"தங்கம் இது, விடாதீங்க!" லைல் கத்தினார்.

ஐந்தாவது முறை. "நாளைக்கு அவனுக்கு சூப்தான்!" என்றார் கஸ்.

நடீன் ஓர் அட்டையில் எழுதினாள். நீட்டப்போனவள் நின்றாள். நீட்டுகிற அட்டையைக் கையில் வாங்கும்போதே உரக்கப் படித்துவிடுவது கஸ்ஸின் வழக்கம். என்ன படிக்கிறோம் என்று மூளைக்கு எட்டுமுன் வாய் சொல்லி முடித்திருக்கும். இதையும் அதே சிரிப்போடு நாடு முழுக்கச் சொல்லிவிடுவார். பிறகு சாகும்வரை அந்தக் குரல் அவரை விடாது.

அட்டையைக் கசக்கினாள்.

ஆறாவது முறை. கஸ் ஒன்றும் சொல்லவில்லை. நகைச்சுவை தீர்ந்திருக்கலாம். லைல் விடவில்லை. "நடீன், அவனைக் கிள்ளிவிடு, பேசச் சொல்லு. இன்னொரு தடவை போடறேன்."

ஏழாவது முறை டோர்ஸி மேலே எழுந்தான். கெம்ப்பின் தலை மெல்ல, மிக மெல்ல வந்துகொண்டிருந்தது. கஸ் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

நடீன் அவர் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"நடீன், வாயைத் திறக்காத! மைக் திறந்திருக்கு!" அறைக் கேமராவில் பார்த்துவிட்ட லைல் காதுக்குள் அலறினார்.

காதுக்கருவியைப் பிடுங்கிப் போட்டாள்.

"சிரிக்காதீங்க கஸ்," என்றாள். "டோர்ஸி செத்துட்டான்."