நானூற்றுப் பன்னிரண்டும் பதின்மூன்றும்

டொக்டர் பர்ஸானா இரண்டு ரிப்போர்ட்டுகளையும் மேசையில் அருகருகே வைத்தார். போன வருடம் நானூற்றுப் பன்னிரண்டு. இப்போது பதின்மூன்று. ஒஸ்வால்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாள்களிலும் பெயரைத் தேடிப் பார்த்தார். இரண்டிலும் அவர் பெயர்தான் இருந்தது.

"இதுதான் டெஸ்டோஸ்டெரோன், அங்கிள். ஆம்பிளைகள்ட ஹோர்மோன். ப்ரொஸ்டேட் கேன்சருக்கு இதுதான் சாப்பாடு. அதை நிப்பாட்டத்தான் மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊசி போட்டோம்."

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அங்கிருந்து கட்டளை போனால்தான் கீழே விதைகள் வேலை செய்யுமாம். ஊசி அந்தக் கட்டளையை அடக்கிவிடுகிறது. ஒஸ்வால்டுக்கு இது சட்டென்று விளங்கியது. முப்பத்திரண்டு வருடம் கொழும்புத் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டியவர் அவர். கையை இறக்கினால் அத்தனை பெரிய இரும்பும் அப்படியே நின்றுவிடும். தன் தலைக்குள்ளும் ஒருவன் நின்று ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறான், தனக்கே தெரியாமல்! அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"கேன்சர் அளவு நல்லா இறங்கிட்டுது. ஊசியைக் கொஞ்சக் காலம் நிப்பாட்டிப் பாப்போம்."

மனைவி பெர்னடெற் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஊசி போட்ட நாளிலயிருந்து இவருக்குச் சூடேறிக் கொட்டுற வேர்வையும் நிக்குமோ, டொக்டர்? எனக்கு நாப்பத்தெட்டு வயசில வந்தது இவருக்கு அறுபத்தெட்டில வந்திருக்கு. அப்ப நான் ஃபானைப் போட்டா, குளிருது நிப்பாட்டு எண்டு கத்தினவர்."

டொக்டர் சிரித்தார். ஒஸ்வால்டும் அசடு வழியச் சிரித்தார். ஆனால் அவர் மனம் வேறொன்றில் நின்றது.

தம்பி ஸ்ரான்லியோடு பதினொரு வருடமாகப் பேச்சில்லை. அம்மா செத்த அன்று துறைமுக வேலையில் மாட்டுப்பட்டு இவர் ஓடிவந்து சேர்வதற்குள், ஸ்ரான்லி சவப்பெட்டியை மூடச் சொல்லிவிட்டான். கடைசியாக ஒருமுறை அந்த முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. சேமக்காலையில், புதைகுழிக்குப் பக்கத்தில், சனம் பார்க்கத் தம்பியின் சட்டையைப் பிடித்தவர்தான். அதன் பிறகு கொட்டாஞ்சேனையில் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தும் வாசல் மிதிக்கவில்லை. பூசையில்கூட இவர் வலப்பக்கம், அவன் இடப்பக்கம். அந்த நாளை நினைத்தாலே நெஞ்சில் தொடங்கிக் காது மடல்வரை கொதிக்கும். இந்த ஆறு மாதமாக நினைப்பு வருகிறது, கொதிப்பு வரவில்லை. கவலை மட்டும் வருகிறது. வைத்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் காணாதவர் மாதிரி மனிதர் அந்தக் கோபத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டார். அத்தனை வருடக் கோபமும் ஒரு சொட்டு மருந்துக்குள் அடங்குமா என்ன? அடங்கித்தான் இருக்கிறது.

"ஊசியை விட்டா கோவமும் திரும்பி வருமோ, டொக்டர்?"

டொக்டர் பேனையை மூடினார். "அப்படிச் சொல்ல ஏலாது அங்கிள். சிலருக்கு இந்த ஊசியாலதான் கோவம் கூடுறது. ஹோர்மோன் மெல்ல மெல்லத் திரும்பி வரும், மாசக்கணக்கு ஆகும். சிலருக்கு முழுசா வாறதும் இல்ல. கோவத்தைப் பத்தி எனக்குத் தெரியா."

படித்தவளுக்கே தெரியாதாம். அது அவரை இன்னும் மலைக்க வைத்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. "ஸ்ரான்லி வீட்டை போயிட்டுப் போவம்."

பெர்னடெற் நடுவீதியிலேயே நின்றுவிட்டாள். "இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தான். அது திரும்பி வாறதுக்கு முதல்."

மன்னிப்பது தானா, ஊசியா என்று நடக்க நடக்க யோசித்தார். யாராயிருந்தால் என்ன, கால்கள் அவருடையவைதானே.

சாரமும் பெனியனுமாகக் கதவைத் திறந்தது ஸ்ரான்லியேதான். தலை முழுக்க நரைத்திருந்தது. கிட்டத்தில் பார்க்க, அந்த நாடி அப்படியே அம்மாவின் நாடி. ஒஸ்வால்ட் வாயைத் திறந்தார். "அண்டைக்கு நீ பெட்டியை..." என்று தொடங்கும்போதே நெஞ்சில் அது பிடித்துக்கொண்டது. அதே இடம். அதே சூடு. கழுத்தில் ஏறியது, காதில் ஏறியது. ஐயோ, வந்துவிட்டதே, அதற்குள் வந்துவிட்டதே என்று பதறினார். சிவந்த அந்த முகத்தைச் சின்ன வயதிலிருந்தே அறிந்த ஸ்ரான்லி ஓர் அடி பின்வாங்கிக் கதவில் கை வைத்தான்.

பிறகு வேர்த்தது. நெற்றியிலும் பிடரியிலும் முதுகிலும் கொட்டு கொட்டென்று கொட்டியது. கோபம் ஒருநாளும் அவருக்கு வேர்வையில் முடிந்ததில்லை. ஒஸ்வால்ட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் நின்றார்.

"பயப்பிடாத தம்பி. இது கோவமில்லை. ஊசி."

ஸ்ரான்லி கதவிலிருந்து கையை எடுத்தான். உள்ளே கூடத்தில் ஒரு மின்விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தது. அவன் போய் அதன் பின்னாலிருந்த குமிழை இழுத்து ஆட்டத்தை நிறுத்தினான். பிறகு இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி வந்து, வாசலைப் பார்த்து வைத்தான்.