சின்னப் பல்லு ஸ்க்ரூ

அத்தான் தன் சைக்கிளை என் கடை வாசலில் சாய்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாலு வருடமாக என்னைக் கரித்துக்கொட்டிய வாய், "பழைய டிரெயிலியர்மா. உனக்குத்தான் இது கை வந்த வேலை, கொஞ்சம் பாரேன்" என்று குழைந்தது.

பின்சக்கரத்தின் ஓரமாகத் தொங்கிக்கொண்டு, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற சின்ன எந்திரம் அது. அவர் கடையில் இப்போது இருக்கிறவர்களுக்குப் புதுசு மட்டும்தான் தெரியும். பழசைப் பிரித்துச் சேர்க்க, அவரிடம் பதினோரு வருடம் வேலை பார்த்த நான்தான் வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை மலையேத்தப் போட்டி. அதுக்குள்ள ஆயிடுமா?"

"சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு வாங்க அத்தான். அக்காவையும் கூட்டிட்டு வாங்க, பாத்து எவ்ளோ நாளாச்சு."

ஏழு மணி என்று சும்மா சொல்லவில்லை. சனிக்கிழமை ஏழு மணிக்குத்தான் ஊரின் சைக்கிள் கூட்டம் மொத்தமும் என் கடை வாசலில் காற்று அடிக்க நிற்கும். வாத்தியாரும் அதில் இருப்பார். அத்தான் என்னிடம் வந்து நிற்பதை எல்லோரும் பார்க்கட்டும்.

வாத்தியார் கதையைச் சொல்லாமல் இது புரியாது. அவரிடமும் இதே மாதிரி பழைய டிரெயிலியர் இருந்தது. அத்தான் கடையில் நான் இருந்தபோது நான்தான் சர்வீஸ் செய்தேன். ஆனால் முதலாளி கை படாமல் ஒரு வண்டியும் கடையைத் தாண்டக்கூடாது என்பது அத்தானின் சட்டம். ஸ்க்ரூடிரைவரை எடுத்து எதையாவது ஒன்றைத் திருகினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கடைசிச் சின்னப் பல்லுக்கு, அதாவது இருப்பதிலேயே சின்னப் பல்சக்கரத்துக்கு, செயின் சரியாக இறங்கவில்லை என்று வாத்தியார் சொன்னதும், ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் மேட்டில் வாத்தியார் பெரிய பல்லுக்கு மாற்றினார். டிரெயிலியர் சக்கரத்தின் போக்ஸ் கம்பிக்குள் போய்ச் சிக்கி, சக்கரம் அப்படியே நின்று, மனிதர் தோள் எலும்பு முறிந்து கிடந்தார்.

"செட்டிங் பண்ணது என் மச்சினி. நான் தொட்டது சின்னப் பல்லு ஸ்க்ரூ மட்டும்தான்" என்று அத்தான் நாக்குக் கூசாமல் சொன்னார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். முப்பது வருட அனுபவத்துக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை. வேலையை விட்டு அனுப்பினார். அன்றிலிருந்து வாத்தியார் என் கடை வாசலில் நின்றாலும் சொந்தப் பம்பில்தான் காற்று அடிப்பார். என் காற்றுகூட அவருக்கு ஆகாது.

வியாழக்கிழமை அத்தானின் டிரெயிலியரைக் கழற்றினேன். மூட்டெல்லாம் துருவும் பழைய கிரீஸும் கெட்டிப்பட்டு, பாதி தூரத்துக்கு மேல் அசையவே இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துவிட்டு அதன் இரண்டு குட்டி ஸ்க்ரூக்களைப் பார்த்தேன். ஒன்று, செயின் சின்னப் பல்லைத் தாண்டி வெளியே விழாமல் தடுக்கும். மற்றது, பெரிய பல்லைத் தாண்டிக் கம்பிக்குள் போகாமல் தடுக்கும். பெரும்பாலானவற்றில் மேலே இருப்பது சின்னப் பல்லுக்கு. இந்தப் பழைய மாடலில் மட்டும் தலைகீழ். எழுத்து எதுவும் பொறித்திருக்காது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அத்தான் வண்டியில் மேல் ஸ்க்ரூ, தொட்டால் விழுந்துவிடும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. துருப்பிடித்து அசையாததால்தான் இத்தனை நாள் தப்பித்திருக்கிறார். கீழ் ஸ்க்ரூவின் அழுக்கு பல வருடமாகக் கலையவே இல்லை.

தன் வண்டியிலும் மேல் ஸ்க்ரூவைத்தான் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார். மனிதர் பொய் சொல்லவில்லை! சின்னப் பல்லு ஸ்க்ரூவைத்தான் தொட்டோம் என்று உண்மையாகவே நம்பியிருக்கிறார். பொய்யன் என்று நாலு வருடம் நான் சபித்த ஆள், வெறும் தொழில் தெரியாத ஆள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தெரியாததற்கா என்னை இந்தப் பாடு படுத்தினார்?

துருவை எடுத்து எண்ணெய் விட்டு, ஸ்க்ரூவை மட்டும் அவர் வைத்தபடியே விட்டுக் கொடுத்தால் போதும், மலையில் அவரே தன்னைக் கவிழ்த்துக்கொள்வார். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் வரை அப்படித்தான் செய்யப்போகிறேன் என்று இருந்தேன். என்னைத் தடுத்தது இரக்கம் இல்லை. மலையில் விழுந்தால் மறுபடியும் "செட்டிங் பண்ணது மச்சினி" என்றுதானே ஊர் பேசும்?

அதனால் எல்லாவற்றையும் சரியாகவே பூட்டினேன். பிறகு கீழ் ஸ்க்ரூவை மட்டும் அரைச் சுற்று இறுக்கினேன். இப்போது சின்னப் பல்லுக்குச் செயின் இறங்காமல் கரகரக்கும், அவ்வளவுதான். தொழில் தெரிந்தவர் அதையே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம்.

சனிக்கிழமை வண்டியை ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தேன். கூட்டம் இருந்தது, அக்கா இருந்தாள், வாத்தியார் ஓரமாகத் தன் பம்புடன் இருந்தார். அத்தான் பெடலைச் சுற்றினார். கரகரவென்று சத்தம் கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே!

"இன்னும் செட்டிங் வரலையே உனக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"சின்னப் பல்லுக்குத்தான் இறங்க மாட்டேங்குது அத்தான். நீங்களே ஒரு கை பாத்துடுங்க." ஸ்க்ரூடிரைவரை நீட்டினேன்.

மேல் ஸ்க்ரூவில் வைத்துத் தளர்த்தினார். அரைச் சுற்று. ஒரு சுற்று. இரண்டு சுற்று. செயின் இறங்கவில்லை.

"எந்த ஸ்க்ரூ அத்தான் அது?"

"சின்னப் பல்லு ஸ்க்ரூ. இதுகூடத் தெரியாதா?"

"எனக்கென்ன தெரியும்? சரி, பெரிய பல்லுக்கும் ஒருதடவை போட்டுப் பாத்துடுங்க."

பெடலை வேகமாகச் சுற்றிக்கொண்டே லீவரை இழுத்தார். படார் என்று ஒரு சத்தம். டிரெயிலியர் கம்பிக்குள் பாய்ந்து, முறுக்கிக்கொண்டு, இரண்டாக உடைந்தது. மூன்று போக்ஸ் கம்பி தெறித்தது. பெடல் அவர் கையிலேயே நின்றுபோனது. எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன்.

வாத்தியார் கிட்டே வந்து குனிந்து, உடைந்ததைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார்.

"அன்னைக்கு நீங்க திருகுனதும் மேல இருக்கறதைத்தான்" என்றார். "நான் பக்கத்துலதான நின்னேன்."

அத்தான் ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்துவிட்டு, வண்டியைக்கூட எடுக்காமல் நடந்தார்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "தெரிஞ்சுதான பண்ண? இத்தனை பேர் முன்னாடி அவர் மானத்தை வாங்கிட்டியே. வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொன்னேன்க்கா, நாலு வருஷத்துக்கு முன்னாடி" என்றேன். "முதல்ல உன்கிட்டதான் வந்து சொன்னேன்."

அக்கா என் கையை விட்டாள்.