கப்பலிலிருந்து ஓர் அழைப்பு

சிறைச்சாலைக்குள் வைஃபை போடுவதைப் போல உயிரை வாங்கும் வேலை வேறு கிடையாது. சுவர்கள் அப்படித் தடிமன். அறைக்குள் நின்றால் இணைப்பு ஓடோடி வரும்; கதவைத் தாண்டி ஓரடி வைத்தால் காணாமல் போய்விடும். அதைத் தேடிக்கொண்டு, கருவியை உயர்த்திப் பிடித்தபடி நடைபாதையில் இங்கும் அங்கும் அலைவேன். கம்பிக்குப் பின்னால் இருப்பவர்கள், வெளியே போக வழி தெரியவில்லையா தங்கச்சி என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்து என்ன செய்ய? அவர்களுக்கும் பொழுது போகவேண்டுமே.

எங்கள் நிறுவனம் விற்பது கைதிகளைக் கண்காணிக்கும் மென்பொருள். காவலர் ஒவ்வொருவருக்கும் செல்போன் அளவில் ஒரு கைக்கருவி. கைதி ஒவ்வொருவருக்கும் மணிக்கட்டில் பார்கோடு அச்சடித்த ஒரு பட்டை. எண்ணிக்கை எடுக்கும்போது, சாப்பாடு கொடுக்கும்போது, மாத்திரை கொடுக்கும்போது பட்டையைக் கருவியில் காட்டினால் போதும். யார் எங்கே இருக்கிறார் என்று கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பார்த்துக்கொள்ளலாம். தலைமைக் காவலருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இது கைதிகளை எண்ணவா, தன்னை எண்ணவா என்று முதல் நாளே கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் நல்ல ஒட்டுதல்.

பட்டை கட்டும் வேலையின்போதுதான் கப்பல்காரரைப் பார்த்தேன். எல்லோரும் வைத்த பெயர் அது. மனிதர் கடலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. லாரி ஓட்டியவர். குடித்துவிட்டு ஓட்டி, சாலையோரம் சைக்கிளில் போன ஒருவரின் உயிரைப் போக்கிவிட்டு உள்ளே வந்தவர். அவருக்கு ஒரே மகள். தாயில்லாத பெண், அவருடைய அக்கா வீட்டில் வளர்கிறாள். அப்பா எங்கே என்று அவள் அழுதபோது, கப்பல் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அத்தை வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். அப்போது சின்னப் பிள்ளை. இப்போது ஒன்பதாம் வகுப்பு. நடுவில் அந்தப் பொய்யை அவிழ்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

வாரம் ஒரு முறை, நடைபாதைச் சுவரில் இருக்கும் பழைய தொலைபேசியில் அவர் மகளோடு பேசுவார். அந்த நேரம் வரிசையில் நிற்பவர்கள் கப்சிப். தலைமைக் காவலரே சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். திருட்டு வழக்கில் வந்த ஒருவர் மட்டும் இரண்டு கையையும் வாயில் குவித்து, தூரத்தில் கப்பல் ஊதுவது போல ஊதுவாராம். கொலைகாரர், கொள்ளைக்காரர் எல்லாம் கூட்டுச் சேர்ந்து ஒரு பெண்பிள்ளைக்காக நாடகம் போடுகிறார்கள் என்று தலைமைக் காவலர் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தத் தொலைபேசியைக் கழற்றவும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

புதிய முறையில், பட்டையைக் காட்டினால்தான் அழைப்பு போகும். மறுமுனையில் எடுத்ததும் முதலில் ஓர் அறிவிப்பு ஓடும். இது சிறைச்சாலையிலிருந்து வரும் அழைப்பு, அழைப்பவர் என்று சொல்லி நிறுத்தும். அந்த இடைவெளியில் கைதி தன் குரலில் பதிந்து வைத்த பெயர் வரும். பேச விரும்பினால் ஒன்று. இங்கிருந்து இனி அழைப்பே வேண்டாம் என்றால் இரண்டு. எதையும் அழுத்தாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஓடும். இரண்டை அழுத்திய எண் பூட்டிக்கொள்ளும். அந்த வீட்டார் நேரில் வந்து கேட்டால்தான் திறக்கும். உள்ளே இருந்துகொண்டே வெளியில் இருப்பவர்களை மிரட்டுகிறவர்களும் உண்டு, அவர்களுக்காக வந்த சட்டம். குறை சொல்ல வழியில்லை. அறிவிப்புக்குக் குரல் கொடுக்க ஏற்பாடு செய்திருந்த ஆள் வராததால், நீயே பேசிவிடு என்றார் மேலாளர். போர்வைகள் அடுக்கிய கிடங்கறையில் கதவைச் சாத்திக்கொண்டு எரிச்சலோடு பேசித் தொலைத்தேன். சனியன், கறாராக, கணீரென்று வந்திருந்தது.

கப்பல்காரருக்குப் பட்டை கட்டிவிட்டு, பெயரைச் சொல்லுங்கள் என்று கருவியை நீட்டினேன். எதற்கு என்று கேட்டார். விளக்கினேன். சொல்லச் சொல்ல மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"எடுத்ததும் மொதல்ல ஜெயில்னுதான் வருமா?"

"ஆமாண்ணா."

"என் பொண்ணுதான் எடுப்பா. அன்னைக்கு முழுக்க போன் பக்கத்துலயே உக்காந்திருப்பாளாம்."

அன்று அவர் பெயர் பதியவில்லை. எழுந்து போய்விட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. மேலாளரிடம் சண்டை போட்டேன். ஒரே ஒரு எண்ணுக்கு அறிவிப்பை நிறுத்த ஒரு வழி வையுங்கள் என்று கேட்டதற்கு, நீ சாமான் மாட்டப் போனாயா, சமூக சேவை செய்யப் போனாயா என்றார். கல்லில் நார் உரிக்கிற வேலை. வக்கீல்களுக்குப் போகும் அழைப்பில் அறிவிப்பு கிடையாது. அந்தப் பெண்ணின் எண்ணை வக்கீல் எண் என்று ஏற்றிவிடலாமே என்று காதோடு காதாகச் சொன்னார் தலைமைக் காவலர். எனக்கும் கை துறுதுறுத்தது. கப்பல்காரர்தான் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு பொய்யைக் காப்பாற்றவே இத்தனை பேரைப் பாடாய்ப் படுத்துகிறேன், இதில் இன்னொன்றா என்றார். அக்காவையே சொல்லிவிடச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பெற்றவன் நீ இருக்கும்போது என் வாயால் அதைச் சொல்லவைக்காதே என்று அந்த அம்மா அழுதுவிட்டாளாம். ஆக, மிச்சமிருந்தது ஒரே வழி. பழைய தொலைபேசியில் கடைசியாக ஒரு முறை பேசலாம். அதில் அவரே சொல்லிவிடவேண்டும்.

அந்தக் கடைசி அழைப்பின்போது நான் அதே நடைபாதையில் ஏணி மேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஊதுகிறவர்கூட அன்று ஊதவில்லை.

"கண்ணு, அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா," என்று ஆரம்பித்தார். நான் வயர் இழுப்பதை நிறுத்தினேன். அந்தப் பக்கம் அவள் எதையோ கேட்டிருக்கவேண்டும். அவர் பேச்சு அப்படியே நின்றது. பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "விடியறப்பவா? விடியறப்ப நீலமா இருக்காதுடா. சாம்பல் நிறமா இருக்கும். எவ்வளவு தூரம் பாத்தாலும் சாம்பல்தான்." அதற்குப் பிறகு அலை, காற்று, கப்பல் சமையல்காரரின் கோபம் என்று என்னென்னவோ பேசினார். சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவே இல்லை. நேரம் முடிந்ததும் ரிசீவரை மாட்டிவிட்டு, அதன் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். பாவி மனுஷன், கோழை என்று மனசுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவராகவே என் மேசைக்கு வந்தார். பெயரைத்தான் சொல்லவேண்டுமா என்று கேட்டார். எடுப்பவருக்கு ஆள் யாரென்று புரிந்தால் போதும் என்றேன். கருவியைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"அப்பா," என்றார்.

பதிவானதும் போட்டுக் காட்டினேன். என் கறாரான குரலுக்கு நடுவே அந்த ஒற்றைச் சொல் எங்கிருந்தோ வந்தது போலக் கேட்டது.

"நேத்து வாய் வரல தங்கச்சி. விஷயத்தை மெஷினே சொல்லிடட்டும். அவ ஒண்ணை அமுக்கினதும், மீதிய நான் பேசிக்கிறேன். ஏமாத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அவ நல்ல பொண்ணு, புரிஞ்சுக்குவா."

அது சரியாகத்தான் பட்டது எனக்கும். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். என் கருவி ஒரு நல்ல காரியத்துக்கு உதவப்போகிறது என்று நினைத்தேன்.

புதிய முறை தொடங்கிய அன்று அவர் துவைத்த சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்தார். தலைமைக் காவலர் பட்டையைக் கருவியில் காட்டினார். பழைய இடத்திலேயே மாட்டியிருந்த புதிய தொலைபேசியில் அழைப்பு போனது. அறிவிப்பு ஓடும்போது இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது; அழைப்பவர் காத்திருக்கவேண்டியதுதான். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, சொல்லப்போவதைச் சொல்லிப் பார்ப்பது போல. நான் கைக்கருவியில் அந்த அழைப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் எடுத்துவிட்டாள். அறிவிப்பு ஓடத் தொடங்கியது. முடிந்தது. அவள் எதையும் அழுத்தவில்லை. அறிவிப்பு மறுபடி ஓடியது. அழுத்து பாப்பா, ஒன்றை அழுத்து என்று நான் பல்லைக் கடித்தேன். மூன்றாவது முறையும் முழுக்க ஓடி முடிந்தது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது. மறுமுனையில் அழுத்தப்பட்டது இரண்டு.

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கட் ஆயிடுச்சு தங்கச்சி. அவ எடுத்தாளா?"

"எடுத்தா அண்ணா."

"என் குரல் வர்ற வரைக்கும் கேட்டாளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. இரண்டை அழுத்தியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கப் பார்த்தார். தலைமைக் காவலர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பழக்கமில்ல பாரு அவளுக்கு," என்றார் கப்பல்காரர். "ஜெயில்னு வந்ததும் பயந்து போயிருப்பா. அப்பான்னு வர்றதுக்குள்ள தெரியாம கை பட்டிருக்கும். அப்படித்தானே தங்கச்சி?"

யாருக்கும் எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்கிறவள் நான். வீட்டிலும் ஆபீசிலும் அதற்காகவே திட்டு வாங்குகிறவள். அவள் காதில் மூன்று முறை அப்பா என்று ஒலித்திருந்தது. மூன்று முறையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அழுத்தியிருந்தாள். கருவியை அவர் பார்வை படாமல் திருப்பிக்கொண்டேன்.

"ஆமாண்ணா," என்றேன். "கைதான் பட்டிருக்கும்."