மண்டையில் துடித்த சாமி

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி. சந்தனம் காய்ந்ததும் வலது காதுக்கு மேலே ஓர் இடம் மட்டும் வெடித்து வெடித்து உதிர்ந்தது. அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு புடைப்பு, தக் தக்கென்று துடித்தது.

பக்கத்து வீட்டுத் தாமரை அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதோடு விட்டாளா? காலையில் ஒரு நிமிடம் எண்ணினாள், எழுபத்தெட்டு. மாலையில் எண்பத்தொன்று. சேர்த்து 7881 என்று லாட்டரி எடுத்தாள். ஆறுதல் பரிசு விழுந்து தொலைத்தது.

மறுவாரம் எங்கள் ஊர் கிள்ளானில் பாதி, நம்பர் கேட்டு எங்கள் வாசலில் நின்றது. லோரி ஓட்டும் மனுஷன் லீவு போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முடி முளைத்தால் சாமி மறைந்துவிடுமாம், தினமும் சவரம் வேறு. வெட்கங்கெட்ட பிழைப்பு.

பிடிவாதமாகப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் புடைப்பில் விரல் வைத்ததும், உங்களுக்கும் நம்பர் வேணுமா பாஸ் என்று கேட்டார் இவர். எனக்கு மானம் போனது. டாக்டர் சிரிக்கவில்லை. தலைத்தோலில் ஓடும் ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது, அடிபட்டு வருவதுண்டு, தானாக வருவது அபூர்வம் என்றார். யாரும் அமுக்கக்கூடாது, வெடித்தால் ரத்தம் லேசில் நிற்காது, சின்ன ஆபரேஷன்தான், சீக்கிரம் வாருங்கள் என்றார்.

இவர் காதில் விழுந்தது அந்த ‘அபூர்வம்’ ஒன்றுதான்.

"இருபது வருஷமா என்கிட்ட யாரு எதைக் கேட்டாங்க? இப்பதான் வந்து கேக்குறாங்க. வெட்ட விடமாட்டேன் லா."

மறுநாள் ஒரு ஆள், கணக்குத் தப்பக்கூடாதென்று கட்டைவிரலால் அமுக்கி எண்ணினார். கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன், சாமி அசையவில்லை. சரி என்று செருப்பைக் கழற்றிவிட்டு நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கைகூப்பினேன்.

"எனக்கு நம்பர் வேணாம் சாமி. ஒரே கேள்விதான். நான் இந்தத் தாலியோட இருப்பேனா, இல்ல கழட்டி வைக்கணுமா?"

அவர் என் கழுத்தையே பார்த்தார். புடைப்பு கண்டபடி துடித்தது. உதடு கோணிக்கொண்டது.

"பயமா இருக்கு வாணி. வெட்டும்போது நீ வெளியவே நிப்பேல்ல?"

வேறு எங்கே போவேன் என்று திட்டிக்கொண்டே கையைப் பிடித்துக் காரில் ஏற்றினேன். கண்ணீரைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வரிசையில் நின்றவர்கள் எங்கள் கார் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.