பாதிச் சுவர்

சம்மட்டி தன் தம்பியின் முன்பற்கள் இரண்டை உடைத்தது ஏதோ தெருச்சண்டையில் அல்ல. ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், பட்டப்பகலில் உடைத்தான். ஒரே குத்து. தம்பி நாற்காலியோடு மல்லாந்தான். வாயிலிருந்து வழிந்த ரத்தம் பளபளவென்று துடைத்து வைத்திருந்த தரையில் ஓடியது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தன் செருப்பை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மீன்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். காவலாளிகள் ஓடி வந்து சம்மட்டியின் கையைப் பிடித்தார்கள். ஒருவரை அவன் உதறியதில் அவர் தொட்டியில் போய் மோதினார். தொட்டி தப்பியது மீன்களின் அதிர்ஷ்டம்.

தம்பி செய்த குற்றம் இவ்வளவுதான். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான்.

அவர்கள் கட்டடம் இடிக்கிறவர்கள். அப்பா காலத்திலிருந்தே அதுதான் தொழில். வேலை செய்யும் இடத்தில் அண்ணன் தம்பி மூவருக்கும் ஆளுக்கொரு கருவியின் பெயரைச் சூட்டியதில், பெற்றவர்கள் வைத்த பெயரை ஊரே மறந்துபோயிருந்தது. மூத்தவன் கடப்பாரை. நடுவிலவன் சம்மட்டி. கடைக்குட்டி ஆப்பு. கடப்பாரை நிதானமானவன், எங்கே நெம்பினால் எது பெயரும் என்று யோசித்துத்தான் கை வைப்பான். சம்மட்டிக்கு யோசனையெல்லாம் தோளுக்குக் கீழேதான். சுவரானாலும் மனிதனானாலும் முதலில் ஓங்கிப் போடுவான், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் கையால் அடி வாங்காத ஆள் அந்தத் தொழிலில் குறைவு. அதில் பெரும்பங்கு வாங்கியவன் ஆப்பு.

அப்பா செத்தது ஒரு பாதிச் சுவரால். பொழுது சாய்ந்துவிட்டது, மீதியைக் காலையில் தள்ளிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, கருவிகளுக்குக் காவலாக அதன் நிழலிலேயே படுத்தார். இரவில் காற்று அடித்தது. காலையில் பிள்ளைகள் மூவரும் செங்கல்லை அள்ளி அள்ளித்தான் அப்பாவை எடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஒரே சட்டம்: தொட்ட சுவரை இருட்டுவதற்குள் படுக்க வைக்க வேண்டும். கை ஒடிந்தாலும் சரி, கடவுளே வந்து தடுத்தாலும் சரி.

கடப்பாரை செத்தது வேறு மாதிரி. மலத்தோடு ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து, யார் யாரோ சொன்ன களிம்பைப் பூசிக்கொண்டு காலத்தை ஓட்டினான். பெருங்குடலில் புற்று என்று தெரிந்தபோது அது ஈரல் வரை போய் உட்கார்ந்துவிட்டது. மலை மாதிரி இருந்தவன் ஒரு துணிமூட்டை அளவுக்குச் சுருங்கித்தான் போனான். அப்போதே டாக்டரம்மா தம்பிகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கூடப் பிறந்தவங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. குழாய் விட்டுக் குடலைப் பார்த்துடணும். ஆரம்பத்துல சின்ன முளையாத்தான் இருக்கும். அப்பவே கிள்ளிட்டா அது புற்றா மாற வழியில்ல."

சம்மட்டிக்கு இருந்த பயத்தை அவன் யாரிடமும் காட்டவில்லை. ஆனால் சொன்னதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். சில நாட்களுக்கு முன்பே விதை, கீரை, தோல் உள்ள பழம் எல்லாவற்றையும் நிறுத்தினான். முதல் நாள் முழுக்க வடிகட்டிய சாறும் பால் விடாத தேநீரும்தான். சாயங்காலம் அந்தப் பேதி மருந்தைக் கரைத்து, ஜாடியில் பாதியைக் குடித்தான். மீதிப் பாதியை விடியற்காலையில் குடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அங்கேதான் கோளாறு. அந்த மீதி ஜாடி மேசைமேல் நின்றுகொண்டு அவனையே பார்த்தது. ஆப்பு எவ்வளவோ சொன்னான். சம்மட்டி கேட்கவில்லை. "பாதியில விடறதுக்கு நான் என்ன கூலிக்கு வந்தவனா?" என்று மொத்தத்தையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிட்டு, வேலை முடிந்த நிம்மதியில் படுத்தான்.

மறுநாள் டாக்டரம்மா குழாயை வெளியே எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வலது பக்கம் எதுவுமே தெரியல. நீங்க குடல் சுவரை நல்லாத்தான் சுரண்டி வெச்சீங்க. ராத்திரி முழுக்கச் சிறுகுடல்லேர்ந்து பித்தம் இறங்கி வந்து அதுமேல பூச்சு பூசிடுச்சு. அதைக் கழுவத்தான் காலையில மறுபாதி. இன்னொரு நாள் வாங்க."

மயக்கம் தெளிந்து வெளியே வந்த சம்மட்டியிடம்தான் ஆப்பு அந்த வார்த்தையைச் சொன்னான்.

அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை அறுந்தது. ஆப்பு வேறு ஆட்களோடு வேலைக்குப் போனான். சம்மட்டி மறுபடி தேதி கேட்கவே இல்லை. அந்த வீம்பை என்னவென்று சொல்வது? தன் குடலைப் பார்க்கவிடாமல் யாரைப் பழிவாங்கினான் என்று அவனுக்கே தெரியாது. ஒருநாள் கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு வெளியே வந்து கழிப்பறைக் கதவை உதைத்து உடைத்தான்.

அவன் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேன் நிறையப் பிள்ளைகளைக் குரல் உயர்த்தாமல் உட்கார வைக்கத் தெரிந்தவள். அவள்மேல் அவன் இதுவரை கை வைத்ததில்லை. ஆனால் அவளைச் சுற்றி இருந்த எல்லாவற்றிலும் வைத்திருக்கிறான்: கதவு, கண்ணாடி, தொலைக்காட்சி, அவள் ஆசையாக வாங்கிய பூந்தொட்டி. உடைந்த கதவையும் அவன் முகத்தையும் பார்த்த உடனேயே அவளுக்கு விஷயம் புரிந்தது. அவனைக் கேட்காமலேயே ஆஸ்பத்திரிக்குப் போய், இனி அடிதடி நடக்காது என்று தன் பொறுப்பில் சொல்லி, தேதி வாங்கி வந்தாள்.

"இந்தத் தடவையும் கெடுத்தீங்கன்னா நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். நேரா சுடுகாட்டுக்குத்தான் வருவேன்" என்றாள்.

பட்டினி நாள் வந்தது. சும்மா வீட்டில் கிடக்க முடியாமல் வேலைக்குப் போனவன், பக்கத்தில் வேர்க்கடலை கொறித்த ஒரு ஆளைக் கழுத்தைப் பிடித்து மண்மேட்டில் தள்ளினான். கடலை பூராவும் புழுதியில் சிதறியது. கொளுத்தும் வெயிலில் ஒரு மாடிப்படியைத் தனியாக உடைத்தான். கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததும் கருவியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். வழியில் தெரிந்தவர்கள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள்.

சாயங்காலம் முதல் பாதி. கடல் தண்ணீரில் சோப்பைக் கரைத்த மாதிரி ஒரு ருசி. ஒவ்வொரு குவளைக்கும் முகத்தைச் சுளித்துக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக் குடித்தான். பிறகு வயிறு பிய்த்துக்கொண்டது. கழிப்பறைக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்து, கால் துவண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தபோது, குளிர்பெட்டிக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

ஆப்பு. அண்ணி கூப்பிட்டு வந்திருக்கிறான். குளிர்பெட்டிக்குள் மீதி ஜாடி.

"எழுந்திரு" என்றான் சம்மட்டி.

"மாட்டேன்."

"என் வீடுடா. என் வயிறு. என் ஜாடி."

"வயிறு மட்டும்தான் உன்னுது. ஜாடிய அண்ணி என்கிட்ட ஒப்படைச்சுட்டாங்க."

சம்மட்டி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். ஆப்பின் நெற்றி அலமாரி விளிம்பில் இடித்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. அவன் குளிர்பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. விலாவில் ஒரு உதை விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டு அண்ணனின் முழங்காலைக் கட்டிச் சாய்த்தான். இருவரும் உருண்டதில் தட்டு வைக்கும் சட்டம் சரிந்து, கண்ணாடிக் குவளைகள் சலசலவென்று நொறுங்கின. சம்மட்டியின் கை தம்பியின் கழுத்தை நெரித்தது. ஆப்பு அந்தக் கையைக் கடித்தான். பல் இரண்டு குறைந்தாலும் மீதிப் பல்லுக்கு வேலை தெரிந்திருந்தது.

வாசலில் நின்ற மனைவி சொன்னாள்: "கீழ கண்ணாடி கிடக்கு. செருப்பு போட்டுட்டு அடிச்சுக்கங்க."

அதற்குள் வயிறு கூப்பிட்டது. சம்மட்டி கழுத்தை விட்டுவிட்டு ஓடினான். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினான். நாற்காலியைத் தூக்கி வீசினான். ஆப்பு தலையைக் குனிந்துகொள்ள, அது ஜன்னல் கம்பியில் பட்டுக் கால் முறிந்தது. மறுபடி வயிறு. மறுபடி ஓட்டம். அந்த வேகத்தில் நடந்த சண்டையை நினைத்தால் பிறகு எவருக்கும் சிரிப்பு வரும். அன்றைக்கு அந்தச் சமையலறையில் சிரிக்க ஆள் இல்லை.

கடைசியாக வந்தபோது கையில் கூரான கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தது. அதை எதற்கு எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆப்பு எழுந்து நின்றான். பிறந்ததிலிருந்து வாங்கிய அத்தனைக்கும் சேர்த்து, அண்ணனின் தாடையில் ஓங்கி ஒன்று விட்டான்.

அடி கொடுத்தே பழகிய உடம்பு அது, விழத் தெரியாமல் விழுந்தது. கண்ணாடித் துண்டு கையிலிருந்து தெறித்தது. சம்மட்டி மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தான். எழுந்திருக்க முயலவில்லை. கண்ணின் ஓரத்தில் தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

"பாதியில விட்டா ராத்திரி விழுந்துடும்டா" என்றான். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

ஆப்பு மூச்சு வாங்கிக்கொண்டே மறுபடி குளிர்பெட்டியின் அடியில் போய் உட்கார்ந்தான். "விழட்டும். நான்தான் கீழ உக்காந்திருக்கேன்ல" என்றான்.

விடிகிற வரை அவன் அங்கேயே இருந்தான். காலையில் அவனே ஜாடியை எடுத்துக் குவளை குவளையாக ஊற்றிக் கொடுக்க, சம்மட்டி வாங்கிக் குடித்தான். வீங்கிய தாடையில் கொஞ்சம் மருந்து வழிந்ததைத் துடைத்துவிட்டுக் கூடுதலாக ஒரு குவளை தண்ணீரும் குடிக்க வைத்தான். கழிப்பறையிலிருந்து வந்த அண்ணனிடம், "எப்படி?" என்று கேட்டான்.

"மஞ்சளா, தெளிவா. கீழ இருக்கற பீங்கான் தெரியுது."

"அப்போ சரி. இனிமே பச்சைத் தண்ணிகூடக் கிடையாது."

ஆஸ்பத்திரிக் கூடத்தில் காவலாளிகள் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒருவனுக்குத் தாடை வீக்கம், ஒருவனுக்கு நெற்றியில் தையல் போட வேண்டிய வெட்டு. மீன் தொட்டிக்குத் தூரமாக ஒரு மூலையைக் காட்டினார்கள்.

மயக்கம் தெளிந்தபோது டாக்டரம்மா கட்டில் அருகே நின்றிருந்தார். "இந்தத் தடவை சுத்தமா இருந்துச்சு. வலது பக்கம், போன தடவை பூசி மறைஞ்சிருந்ததே, அதே இடத்துல ஒரு முளை. நல்ல பெருசு. ரத்தம் அதுலேர்ந்துதான். வேரோட எடுத்துட்டேன். சோதனைக்கு அனுப்பியிருக்கோம். என் கண்ணுக்கு அது இன்னும் கெட்டதா மாறல. விட்டிருந்தா உங்க அண்ணன் போன வழிதான்." பிறகு ஆப்பைப் பார்த்தார். "நீங்க இன்னும் பார்த்துக்கவே இல்லையே?"

ஆப்பு அண்ணனின் செருப்பைத் தேடக் குனிந்தான். டாக்டரம்மா போனார். மனைவி வேனை வாசலுக்குக் கொண்டு வரப் போனாள்.

"ஏன்டா பார்த்துக்கல? குழாய்க்குப் பயமா?" என்றான் சம்மட்டி.

"குழாய்க்கு என்ன பயம்? எனக்கும்தான் கொஞ்ச நாளா ரத்தம் போகுது."

சம்மட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டான். "அப்புறம் என்னடா இழவுக்கு?"

"வந்து கேட்டேண்ணே. கூட யாராவது வரணும்னாங்க. மயக்கத்துல இருக்கற ஆளப் பொறுப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். எனக்கு யாரு இருக்கா, நீதான். அண்ணியக் கூப்பிட்டாலும் நீயும் வருவ." பிறகு சொல்லிவிட்டான். "கையக் காலத் தூக்க முடியாமக் கிடக்கறப்ப உன்கிட்ட என்னைக் குடுத்துடுவாங்களேன்னு பயமா இருந்துச்சு."

சம்மட்டியின் கை தானாக மேலே போனது. இதை மறைத்தாயே என்ற ஆத்திரமோ, பழக்க தோஷமோ, மருந்துக் குழாய் ஒட்டிய அந்தக் கை ஓங்கியே விட்டது. ஆப்பு முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான், தோளைக் காதுவரை உயர்த்தி. நேற்று இரவு அண்ணனை வீழ்த்தியவன்தான். ஐந்து வயதில் எப்படி மூடினானோ அப்படியே மூடினான். சம்மட்டி அந்த முகத்தை ஆயிரம் தடவை அடித்திருக்கிறான். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கையை இறக்கினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்குக் கீழே செருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"நாளைக்கே தேதி வாங்கு. அண்ணி வரட்டும் கூட. நான் வரல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கறேன்" என்றான்.

ஆப்பு ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "அந்தப் பக்கம்னா? டீக்கடைகிட்டயா?"

"அதுக்கும் தள்ளி."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சம்மட்டி பள்ளிக்கூட வேனின் பின்னிருக்கையில், பிள்ளைகள் உட்காரும் அந்தச் சின்ன இடத்தில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்தபடியே வந்தான்.