கானில் விழுந்த கதை

"கேட்டா என்ன சொல்லுவ?" என்றான் தினேஸ், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

துஷாந்தினி கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கருநீலம் பாய்ந்திருந்தது. பவுடர் போட்டால் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

"கான்ல விழுந்துட்டேன்னு சொல்லுவேன்."

யோசிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. அதுதான் அவளுக்குத் திக்கென்றது.

தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிவிட்ட கான்களில், கொழுந்தெடுக்கிற பெண்கள் விழுவது சகஜம்தான். ஆனால் துஷாந்தினி விழுந்த அளவுக்கு ஹாலிஎலப் பக்கத்தில் எவளும் விழுந்திருக்க மாட்டாள். மருந்து கொடுப்பவர் கேட்டபோது கானில் விழுந்தாள். கங்காணி கேட்டபோதும் கானில் விழுந்தாள். பெற்ற மகள் கேட்டபோதும் கானில்தான் விழுந்தாள். கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள். நம்புவது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

முன்பெல்லாம் பழியைக் குடி சுமந்தது. குடித்தால் அப்படித்தான், தெளிந்தால் தங்கமான மனுசன் என்று லயத்து வரிசைவீடுகள் எல்லாமே அவனுக்கு நற்சான்று கொடுத்தன. பிறகு தினேஸ் இரட்சிக்கப்பட்டான், குடியையும் விட்டான். அதில் பொய்யில்லை, ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை. விட்ட கதையைச் சபையில் அழுது அழுது சாட்சியாகச் சொன்னான். அழுகிற ஆண்பிள்ளை என்றால் சபைக்குத் தனிப் பிரியம். இன்று அவனைச் சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவனாக்கப் போகிறார்கள். குழம்பில் உப்புக் கூடிப்போனதென்று நேற்று அடித்தது, தேத்தண்ணீர் மட்டுமே குடித்திருந்த அதே தங்கமான மனுசன்தான்.

போன ஞாயிறு பாஸ்டர் பழகிப்போன பாவத்தைப் பற்றிப் பேசியிருந்தார். அழுகிறோம், மன்னிப்புக் கேட்கிறோம், மறுநாளும் அதையே செய்கிறோம், அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவரை அது நம்மை விடாது என்றார். எல்லாரும் தினேஸின் பழைய குடியை நினைத்துத் தலையாட்டினார்கள். துஷாந்தினிக்கு மட்டும் அது தன் பொய்யைப் பற்றியது என்று உறைத்தது. கொழுந்தெடுக்கும்போதுகூட ஆண்டவரோடு பேசுகிறவள் அவள். ஒவ்வொரு பொய்க்கும் முழங்காலில் நின்று அழுதிருக்கிறாள். இருந்தும் யாராவது கேட்டால் நாக்கு முந்திக்கொள்கிறது. இன்று காலையும் முந்திக்கொண்டது. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனை மூப்பராக்குமுன் அவன் மனைவி எழுந்து, வீட்டை நல்லபடி நடத்துகிறான் என்று சொல்ல வேண்டும். வெறும் சடங்குதான். ஒரு ஆமென் போட்டால் முடிந்துவிடும்.

பாஸ்டர் குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சில் ஊர் இன்னும் போகவில்லை. ஆராதனை நடுவே அவளைப் பார்த்துக் கேட்டார்.

"சகோதரி, தினேஸ் தன்ரை வீட்டை நல்லபடியா நடத்துறாரோ? சபைக்கு முன்னால சொல்லுங்கோ."

துஷாந்தினி எழுந்தாள். முன்வரிசையிலிருந்து தினேஸ் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். ஆமென் தொண்டைவரை வந்துவிட்டது. ஆண்டவரே, இந்த ஒரு தரம் என் வாயைப் பிடித்துக்கொள்ளும் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"நான் ஒரு பாவத்த அறிக்கை செய்யணும் ஐயா," என்றாள். "இவ்வளவு நாளா பொய் சொல்லிக்கிட்டே இருந்தேன். நான் ஒரு நாளும் கான்ல விழல. இவரு அடிச்சாரு. குடிச்சப்பவும் அடிச்சாரு, குடிய விட்டப்புறமும் அடிக்கிறாரு."

"இவளுக்குப் புத்தி பிசகிருச்சு," என்று தினேஸ் எழுந்தான்.

பாஸ்டர் அவனைக் கையமர்த்திவிட்டு அவளிடம்தான் பேசினார். "பிள்ளை, உதெல்லாம் வீட்டுக்குள்ள பேசுற விஷயம். புருஷன்ரை பாவத்தைச் சபையில சொல்லலாமோ?"

"என் பாவத்தைத்தான் சொன்னேங்க. அவரோடத அவரு சொல்லட்டும்."

ஞாயிறுதோறும் அழுதவனுக்கு அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

மூப்பர் காரியத்தை இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, பாஸ்டர் அவசர அவசரமாக, ஆண்டவரின் நினைவாக அப்பம் கொடுக்கிற திருவிருந்தைத் தொடங்கினார். எல்லாரும் வரிசையாக வந்தார்கள். தினேஸ் முதலில் போய் அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு இடத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு தடையும் இல்லை.

துஷாந்தினியின் முறை வந்ததும் பாஸ்டர் கையிலிருந்த அப்பத்தட்டு சற்றுப் பின்னால் போனது.

"இண்டைக்கு நீங்கள் எடுக்க வேண்டாம், பிள்ளை," என்றார் பாஸ்டர் தணிந்த குரலில். "வீட்டுக்காரரோடை ஒப்புரவாகிட்டு வாங்கோ."

"பொய் சொல்லிட்டு வந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் குடுத்தீங்களே ஐயா," என்றாள் அவள். "இன்னைக்குத்தான் சுத்தமா வந்திருக்கேன்."

நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை. பாஸ்டர் அவளைத் தாண்டி, பின்னால் நின்ற நல்லம்மாவிடம் தட்டை நீட்டினார். நல்லம்மா அதே லயத்தில் அடுத்த காம்பராக்காரி. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இத்தனை காலமும் பேசாமல் இருந்தவள்.

நல்லம்மா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டாள்.

"மொதல்ல அவளுக்குக் குடுங்க," என்றாள்.