மாயாண்டி மகள் பாப்பா

கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாதாம். இத்தனை வருடமாக மனிதர்கள் வியர்த்துக் கிடந்த தோட்டக் கம்பெனியின் அந்த ஈப்போ அலுவலகத்தில் ஏர்கண்டிஷன் மாட்டியதற்குச் சொல்லப்பட்ட காரணம் அதுதான். நவமணி தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு, தோட்டத்து ஆட்களின் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். அன்று பாகான் செராய் பக்கத்துத் தோட்டத்தின் முறை. அவள் பிறந்து வளர்ந்த தோட்டம்.

அந்தத் தோட்டம் கைமாறப் போவது ஊருக்கே தெரியும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை இடித்துவிட்டு வீடமைப்பு வரப் போகிறது. பதிவில் பெயர் இருப்பவர்களுக்கு மாற்று வீடு. இல்லாதவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இனிமேல் பதிவு என்றால் கம்ப்யூட்டரில் இருப்பது மட்டும்தான் என்று மேலிடம் சொல்லிவிட்டது. தட்டி முடித்த அட்டைகளைக் காகிதக் கூழ் ஆலைக்கு லாரி அள்ளிக்கொண்டு போனது. அட்டைகள் இருந்த அலமாரிகள் காலியாக நின்றன.

மத்தியானத்துக்கு மேல் அம்மாவின் அட்டை வந்தது. பாப்பா, தகப்பன் மாயாண்டி, பிறப்பு 1-1-1930. ஒரு புன்சிரிப்போடு அதை ஏற்றினாள். அடுத்த அட்டையிலும் அதே பெயர், அதே தகப்பன், அதே தேதி. அது சின்னம்மாவுடையது.

இரண்டு பேரும் கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் இருவருடைய அப்பன்மாரும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை. தாய்மார்களைக் காய்ச்சல் கொண்டு போனது. கங்காணி மாயாண்டிதான் இரண்டு பெண்களையும் தூக்கி வந்து பெரிய பாப்பா, சின்ன பாப்பா என்று கூப்பிட்டு வளர்த்தார். சண்டை முடிந்து பேர் பதிந்த ஆபீஸ் கிராணிக்குப் பெரியதும் சின்னதும் பெயராகத் தோன்றவில்லை. வெட்டிவிட்டு, இருவருக்கும் மாயாண்டியையே தகப்பனாக எழுதி, ஆளுக்கொரு 1930 ஜனவரி முதல் தேதியையும் தாராளமாக வழங்கினார். பிறப்புப் பத்திரம் இல்லாததால் இருவருக்கும் ஐசி என்ற அடையாள அட்டையும் கிடைக்கவில்லை. ஆனாலும் தோட்டத்தில் யாரும் குழம்பியதில்லை. அட்டையில் படம் இருந்தது, கைநாட்டு இருந்தது. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் தண்டல் முகத்தைப் பார்த்துத்தான் பேர் கூப்பிட்டார்.

சின்னம்மாவைத் திரை ஏற்கவில்லை. இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்றது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதையே சொன்னது. நவமணி இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மேலாளர் குமரப்பனிடம் போனாள். செட்டியார் வீட்டுப் பிள்ளை. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மெஷினை நம்பினார், அவ்வளவுதான்.

"ஐசி இல்லாதவங்களுக்குப் பேரு, தகப்பன் பேரு, தேதி, இதுதான்மா அடையாளம். மூணும் ஒண்ணா இருந்தா ஒரே ஆளுதான் லா."

"ரெண்டு பேரு சார். ரெண்டு பேரு கையாலயும் நான் சாப்பிட்டிருக்கேன்."

தேதியில் ஒரு நாள் தள்ளிப் போடலாமா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

"கைய வச்சு மாத்துனா ஆடிட்ல ரெண்டுமே போயிரும். அப்புறம் பார்க்கலாம், இப்ப முடிச்சிரு."

அம்மா முதலில் ஏறிவிட்டாள் என்று நவமணியின் மனசு நிம்மதிப்பட்டது. அந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அம்மாவுக்குப் பால் வற்றியபோது, தன் பிள்ளைக்கு ஊட்டிய பாலில் பாதியை நவமணிக்குக் கொடுத்தவள் சின்னம்மா. நவமணி அவளுடைய அட்டையைத் தன் மேஜை டிராயருக்குள் ஒளித்து வைத்தாள். மறுநாள் வந்து பார்த்தால் டிராயர்களையும் சுத்தம் செய்துவிட்டிருந்தார்கள். அப்புறம் பார்க்கலாம் என்ற குமரப்பனிடம் அவள் திரும்பத் திரும்பப் போய் நின்றாள். அவர் பார்க்கவே இல்லை.

பட்டியல் தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, நவமணி பஸ் பிடித்துப் போனாள். கம்ப்யூட்டர் அச்சடித்த, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதம். ஒரு பேருக்கு ஒரு வீடு, மறுநாள் அதிகாரி வந்து சாவி கொடுப்பார் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் வேகமாகத் தேடினாள். பாப்பா, மாயாண்டி, 1-1-1930. ஒரே ஒரு வரி. அம்மாவைத்தான் ஏற்றினோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த வரியில் அம்மாவின் முகம் இல்லை, கைநாட்டு இல்லை, லயத்து நம்பர்கூட இல்லை. அது யார் என்று கேட்டால் அவளாலேயே காட்ட முடியாது. 

பின்னால் பழகிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவும் சின்னம்மாவும் கைகோத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார்கள். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. யாரோ சின்னம்மாவுக்கு இடத்தைக் காட்டினார்கள். அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"என் பேரு வந்திருச்சு தாயி. ஒங்கம்மாளுக்கும் தேடிச் சொல்லு. பக்கத்துப் பக்கத்து வீடாக் கேட்டுப்புடுவோம்."

அம்மா நவமணியின் கையைப் பிடித்து, காகிதத்தின் மேல் வைத்து, மெதுவாகக் கீழே நகர்த்தத் தொடங்கினாள்.